ஒத்துக்கொள்ளாத மூன்றாவது பெட்டி

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு ஏழு பெட்டிகளில் ஆறு பச்சை விளக்குடன் இருந்தன. மூன்றாவது மட்டும் சிவப்பு.

ஆழிமேட்டின் நீர்க்கட்டுப்பாட்டு அறையில் அந்த ஏழும் ஒரே இரும்புச் சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றை ஸ்விட்ச் அடுக்கு என்பார்கள். கடல்நீரை, அதைக் குடிநீராக்கும் ஆலைக்குள் விடும் மதகுகளுக்குப் போகும் ஒவ்வோர் உத்தரவும் அவற்றின் வழியாகத்தான் போகும். ஏழும் கேபிளால் கோக்கப்பட்டு ஒரே பெட்டி போல நடந்துகொள்ளும். ஒன்று தலைமை ஏற்கும், மற்ற ஆறும் அதன் சொல்லைக் கேட்கும். தலைமைப் பெட்டி படுத்துவிட்டால் அடுத்தது எழுந்து பொறுப்பேற்கும். என் அப்பா வீட்டையும் அப்படித்தான் நடத்தினார். அதனால் அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள எனக்குச் சிரமம் இருந்ததில்லை.

ஆழிமேடு தூத்துக்குடிக் கரையிலிருந்து இருபது மைல் தள்ளிக் கடலில் தளங்களின்மேல் நிற்கும் ஊர். இங்கே மண்ணும் இல்லை, கிணறும் இல்லை. ஐம்பத்தெட்டு வருடம் முன்பு முதல் மதகைத் திறந்தவர் என் அப்பா. எங்கள் வீட்டுக்குத் தலைமடை வீடு என்று பெயர் வந்தது அதனால்தான். ஊர் பிறந்த நாளன்று ஆலையிலிருந்து வரும் முதல் தம்ளர் தண்ணீரை எங்கள் வீட்டு மூத்தவர் கையில் கொடுப்பார்கள். அவர் குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிப்பார்கள். முப்பத்தொரு வருடமாக அந்தத் தம்ளரை வாங்குகிறவன் நான். பெயர் ஆவுடையப்பன், வயது எழுபத்து நான்கு. அடுத்த தம்ளருக்கு ஐந்து நாள் இருந்தது.

என்னை அழைத்தவள் என் அண்ணன் மகள் தையல்நாயகி. நாற்பது வயது. அந்த அறையின் தலைமைப் பொறியாளர். பெட்டிகளை உள்ளிருந்து நடத்தும் மென்பொருளை, ஃபர்ம்வேர் என்று அவர்கள் சொல்வதை, அன்று அதிகாலை அவள் புதிதாக ஏற்றியிருந்தாள். இந்தப் பெட்டிகள் கப்பல் எஞ்சின் போல நெடுங்காலம் உழைப்பதற்காகச் செய்தவை. அவற்றை இந்த அறையில் கொண்டுவந்து வைத்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன். அதனால் கூப்பிட்டாள்.

நான் போவதற்குள் அவள் செய்யவேண்டியதை எல்லாம் செய்திருந்தாள். ஏழிலும் ஒரே பதிப்புதான் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருந்தாள். வேறு கேபிள் போட்டுப் பார்த்திருந்தாள். அணைத்து ஏற்றியிருந்தாள். பெட்டியை வெளியே இழு என்றேன். பின்பக்கம் கேபிள் செருகும் துளையில் காய்ந்த சந்தனம் அப்பியிருந்தது. ஆயுத பூஜையன்று நானே முன்னால் நின்று வைக்கச் சொன்ன சந்தனம்.

"பொட்டு வைக்கச் சொன்னீங்கன்னு பார்த்தா, ஊட்டியே விட்டிருக்கீங்களே சித்தப்பா" என்றாள்.

கோளாறு கிடைத்துவிட்டது என்று எனக்கு நிம்மதி. ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துச் செருகினோம். பச்சை வந்தது. நாற்பது நொடி கழித்துச் சிவப்பு. அது உள்ளே வரும்போதெல்லாம் மற்ற ஆறும் வேலையை நிறுத்திவிட்டு, யார் தலைமை என்று முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தன. அந்த நேரத்தில் எல்லா மதகும் நின்ற இடத்தில் நின்றன. வேறு வழியில்லாமல் அவள் மூன்றாவதைக் கழற்றித் தனியே வைத்தாள். ஆறும் அமைதியாயின.

ஆனால் மூன்றாவது பெட்டிதான் மேற்கு மதகை நடத்துவது. மேற்குத் தளத்தில் முக்குளிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களுமாக ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய தொட்டியில் வியாழன் மதியம் வரைதான் தண்ணீர்.

"அது என்னதான் சொல்லுது?" என்று கேட்டேன்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது உறுப்பினர், பதிவு ஒத்துவரவில்லை என்று இருந்தது. எந்தப் பதிவு என்றேன். அவள் நிதானமாக விளக்கினாள். ஒவ்வோர் உத்தரவையும் பெட்டி ஒரு வரியாக எழுதிவைக்கிறது. எழுதிய கணமே பக்கத்துப் பெட்டி அந்த வரிக்கு ஒரு முத்திரை எடுத்து வைத்துக்கொள்கிறது. முதல் நாளிலிருந்தே இது நடந்து வருகிறது. ஆனால் யாரும் இரண்டையும் ஒத்துப்பார்த்ததில்லை. புது ஃபர்ம்வேர் ஒத்துப்பார்க்கிறது. எழுதிய வரியில் பிறகு யாராவது கைவைத்திருந்தால், அந்தப் பெட்டியை மற்றவை கூட்டத்தில் சேர்க்காது.

"அப்ப அந்த முத்திரையில இருந்து பழைய வரியை எடுத்துற முடியாதா?" என்றேன்.

"முடியாது சித்தப்பா. கைரேகை மாதிரி. ரேகையைப் பார்த்து ஆளோட முகத்தை வரைய முடியாது. ஆனா ஆள் வந்து விரலை வச்சா, இவருதான்னு சொல்லிடும். உண்மையான வரியை யாராவது எழுதினா பெட்டி ஏத்துக்கிடும். எந்த வரின்னுதான் இப்பத் தெரியலை. தேடச் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலையில தெரிஞ்சிடும்."

எனக்கு அப்போதே தெரியும். நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். 

வியாழன் காலை எட்டு மணிக்குப் போனபோது அந்த வரி திரையில் நின்றது. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. மேற்கு மதகு. மூடு. மணி 2:55. உத்தரவு: கரைக்காவல் ஜெபமாலை.

அந்த வரியை எழுதியவன் நான்.

அன்று சவரிமுத்து என்ற முக்குளிப்பவர் மேற்கு மதகின் குழாய்க்குள் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். குழாய் வாசலில் அவருடைய கயிற்றைப் பிடித்தபடி நின்றவர் ஜெபமாலை; அந்த வேலைக்குத்தான் கரைக்காவல் என்று பெயர். சவரிமுத்து அவருடைய தங்கை ரோசலினின் கணவர். மதகு மூன்றேகாலுக்கு மூடவேண்டியது. மூன்று ஐந்துக்கெல்லாம் சவரிமுத்து வெளியே வந்திருப்பார். இரண்டு ஐம்பத்தைந்துக்கே மூடிவிட்டது. ஆபத்துச் சங்கு ஊதியபோது நான் வீட்டில் மதிய உறக்கத்தில் இருந்தேன். ஓடிவந்து அறைக்குள் நுழைந்தபோது என் அண்ணன் சங்கரலிங்கம் மட்டும் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அந்த வரி. உத்தரவு: சங்கரலிங்கம்.

அண்ணன் அவசரப்பட்டுக் கையால் மூடிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். தலைமடை வீட்டு மூத்த மகனின் பெயர் ஒரு சாவின் பக்கத்தில் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. "பெயர் அப்படியே இருக்கட்டும் தம்பி, விட்டுடு" என்று அண்ணன் சொன்னார். நான் விடவில்லை. அவர் சவரிமுத்துவின் உடலைப் பார்க்க வெளியே போன நேரத்தில் வரியைத் திருத்தினேன். வாசலில் நின்றவர் சொல்லித்தான் மூடியது என்று ஆக்கினேன்.

விசாரணையில் ஜெபமாலை, நான் சொல்லவே இல்லை என்று இரண்டு நாள் சொன்னார். மூன்றாவது நாள் சொல்வதை நிறுத்திவிட்டார். பெட்டியில் இருப்பதற்கு எதிராக ஒரு மனிதர் எத்தனை நாள் பேசமுடியும்? வேலை போயிற்று. இன்றும் மேற்குத் தளத்தில்தான் பம்பு பழுது பார்த்துக்கொண்டு இருக்கிறார். மூன்று வீடு தள்ளியிருக்கும் தங்கை, தன் புருஷனைக் கொன்றவர் என்று அவரோடு இன்றுவரை பேசியதில்லை.

அந்த வருடம் முதல் தம்ளரை அண்ணன் வாங்க மறுத்தார். இனி நீ வாங்கிக்கோ என்றார். குற்றம் செய்தவர் விலகிக்கொள்கிறார், அதுவே முறை என்று நானும் வாங்கினேன். அதன்பின் அவரிடம் நான் மரியாதை குறையாமல் நடந்துகொண்டேன். பிரியம் மட்டும் குறைந்துவிட்டது. அவர் மாதம் தவறாமல் மேற்குத் தளத்துக்குப் போய் ஜெபமாலை வீட்டு வாசலில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். அது எங்கள் வீட்டுக்கு இழுக்கு என்று ஒருமுறை சொன்னேன். அடுத்த மாதமும் போனார். ஆறு வருடம் முன்பு இறந்துபோனார்.

இதில் எதுவும் தையலுக்குத் தெரியாது. ஜெபமாலை பெயரில் இருக்கும் வரியை யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கரையிலிருந்து புதுப் பெட்டி வரவழைச்சா எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டேன்.

"ஒன்பது நாள்."

"அதுவரைக்கும் மேற்குக்குப் படகுல கேன் அனுப்பலாம். புதுப் பெட்டி வந்ததும் இதைக் கடல்ல போட்டுடலாம்."

 "மேற்கு ஆளுங்கதானே, ஒன்பது நாள் கேனைத் தூக்கட்டும்னு சொல்லுதீங்களா?"

நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

ஊர்ச் சபைக்கு ஏற்கனவே செய்தி போய்விட்டது, ஏன் என்று எழுத்தில் கேட்பார்கள் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என் பேர்லயே எழுதிடுதேன். அப்கிரேடைத் தப்பா பண்ணிட்டேன், அதுல பதிவு கெட்டுப்போச்சுன்னு. வேலை போனாலும் போகட்டும். உங்களுக்கு வேண்டாத எதையோ நான் கிண்டினேன்னு இருக்க வேண்டாம். நேத்து இருந்தே உங்க முகம் சரியில்லை."

பெயர் அப்படியே இருக்கட்டும் என்று அவளுடைய அப்பா சொன்ன அதே குரல். தட்டச்சுப் பலகையை நோக்கி அவள் கை போனது. எங்கள் வீட்டுப் பிள்ளை செய்யாத தவறுக்குப் பெயர் கொடுப்பதை நான் உயிரோடு இருக்கும்போது அனுமதிக்க முடியாது. இறந்தவரின் பெயரை விட இருப்பவளின் பெயர் பெரிது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"எழுதாதே" என்றேன். "அது உங்கப்பா பேரு. நான்தான் மாத்தினேன்."

நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் அல்ல.  சொல்லி முடித்ததும் அவள் திரையை நோக்கித் திரும்பினாள். பிறகு, எது எழுதினாலும் பெட்டி ஏற்றுக்கொண்டால் அதன் படி ஒன்று சபைக்குத் தானாகப் போய்விடும், அதன் பிறகு யாராலும் திரும்ப எடுக்கமுடியாது என்றாள். தெரியும் என்றேன். அவள் தன் அப்பாவின் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தாள்.

சிவப்பு.

எழுத்துப்பிழை இருக்குமோ என்று பார்த்தோம். இல்லை. முதலெழுத்தோடு எழுதினாள், அது இல்லாமல் எழுதினாள். சிவப்பு, சிவப்பு. நான் சொன்னது பொய் என்று ஒரு பெட்டி என் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டிருந்தது. என் வயதில் அது பழக்கமில்லாத அனுபவம்.

"என் கண்ணால பார்த்தேன்" என்றேன். "உங்கப்பா பேருதான் இருந்துச்சு."

"நீங்க பார்க்கும்போது மணி என்ன?"

"மூணே முக்கால் இருக்கும்."

அவள் வலது காது மடலைத் தொட்டுக்கொண்டாள். அங்கே ஒரு சிறு தழும்பு உண்டு. "சித்தப்பா, சவரிமுத்து மாமா இறந்த அன்னைக்கு எனக்குக் காது குத்தின புண்ணு பழுத்திருந்துச்சு. அப்பா என்னை வடக்குத் தளத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. சங்கு ஊதும்போது நான் அவங்க மடியிலதான் இருந்தேன். என்னை நர்ஸம்மாகிட்டக் குடுத்துட்டு ஓடினாங்க. அப்பல்லாம் இந்த ரூமுக்குள்ளயோ மதகு வாசல்லயோ இருந்தாத்தானே உத்தரவு கொடுக்க முடியும்?"

ஆமாம். அப்போதெல்லாம் இந்த அறையிலிருந்தோ மதகு வாசலிலிருந்தோதான் கொடுக்க முடியும்.

"அப்ப அப்பா வர்றதுக்கு முன்னாடியே மதகு மூடிடுச்சு" என்றாள். "வந்து உட்கார்ந்து, இருந்ததை எடுத்துட்டுத் தன் பேரை எழுதியிருக்காங்க. அதுக்கு மேல நீங்க எழுதியிருக்கீங்க. அதுக்கெல்லாம் முன்னாடி என்ன இருந்துச்சு? ரூம்ல யாருமே இல்லாதப்ப யாரு மூடினா?"

நான் திரையைப் பார்த்தேன். தேதிக்குப் பக்கத்தில் கிழமையும் இருந்தது. முப்பத்தொரு வருடமும் அந்தத் தேதி என் நினைவில் இருந்தது. கிழமையை நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

செவ்வாய்.

ராகுகாலத்தில் மதகைத் தொடக்கூடாது என்பது என் அப்பா வைத்த வழக்கம். அவர் காலத்தில் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் செய்தார்கள். மதகுகளை நேரம் குறித்துப் பெட்டிகளே திறந்து மூட ஆரம்பித்தபோது, இயந்திரத்துக்கு அந்த வழக்கம் தெரியாதே என்று நான் ஒரு விதி எழுதிச் சேர்த்தேன். ராகுகாலத்தில் விழும் எந்த உத்தரவும் அது தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே நடந்துவிடவேண்டும். அண்ணன் சிரித்தார். நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். சவரிமுத்துவை அடக்கம் செய்த மறுநாள், "அந்த ராகுகால விதியை எடுத்துட்டேன் தம்பி, இனி கையாலயே பார்த்துக்கிடுவோம்" என்று அண்ணன் சொன்னபோது, அப்பாவின் வழக்கத்தை மதிக்காதவர் என்று அவர்மேல் கோபப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று முதல் நாலரை. மூன்றேகாலுக்கு மூடவேண்டிய மதகு.

 சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். ராகுகால விதியைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவள் சிறுமியாக இருந்தபோது எடுத்துவிட்ட விதி, கேள்விப்பட்டதே இல்லை என்றாள். பிறகு மெதுவாக, "விதி கொடுக்கிற உத்தரவுன்னா உத்தரவு இடத்துல விதியோட பேருதான் விழும். என்ன பேரு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

 நகர்ந்துகொள் என்று கையால் காட்டினேன். அவள் எழுந்து இடம் கொடுத்தாள். பல வருடம் கழித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு விதியை எழுதியவன் அதற்குத் தன் பெயரை வைப்பது அடக்கம் இல்லை என்று அன்று நினைத்திருந்தேன். அதனால் அதைவிடப் பெரிய பெயர் ஒன்றை வைத்திருந்தேன்.

உத்தரவு: தலைமடை.

பச்சை வந்தது. அவள் மூன்றாவதை மறுபடி மற்ற ஆறோடு கோத்தாள்; நாற்பது நொடி எண்ணினேன். பச்சையாகவே இருந்தது. ஏழும் ஒன்றாயின. கீழே எங்கேயோ மேற்கு மதகின் மோட்டார் உறுமத் தொடங்கியது தரை வழியாகத் தெரிந்தது. மணி பதினொன்று இருபது.

அண்ணன் என்னைக் காப்பாற்ற மட்டும் அப்படிச் செய்தார் என்று நினைத்தால் அது பாதிதான். அங்கே நின்றது என் பெயர் அல்ல, வீட்டுப் பெயர். அதை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தார். நான் அதை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் பெயரை வைத்தேன். அதன்பிறகு அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இரண்டு குற்றத்துக்கு ஆளாகியிருப்பேன். அவர் பேசாமல் இருந்ததும் சரியல்ல. அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தெரிந்துதான் மாதாமாதம் அந்த வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

தையல் அழவில்லை. "சாகுற வரைக்கும் நீங்க அப்பாகிட்ட முகம் கொடுத்துப் பேசலை" என்றாள்.  பிறகு சபைக்கு அனுப்பும் குறிப்பை எழுத ஆரம்பித்தாள். நடந்ததை நடந்தபடி எழுது, எங்கேயும் மென்மையாக்காதே என்றேன். திங்கட்கிழமைத் தம்ளரை எங்கள் வீட்டில் யாரும் வாங்கமாட்டோம் என்பதையும் சேர்க்கச் சொன்னேன்.

வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். புறப்படும்போது மணி இரண்டேகால். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. வாழ்நாளில் அந்த நேரத்தில் நான் ஒரு காரியமாக வாசலைத் தாண்டியதில்லை.

மேற்குத் தளத்துக்கு இருபத்தைந்து நிமிட நடை. ஜெபமாலை வாசலில் பிரித்துப்போட்ட பம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிற வயது. என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே சுவரில் இருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தார்.

"ராகுகாலத்துல தலைமடை வீட்டு ஆளு படியேறி வாரீங்க" என்றார். "யாராவது செத்துட்டாங்களா?"

"ஆமா" என்றேன். "சவரிமுத்து."

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். நான் சொன்னேன். விதியைச் சொன்னேன், அண்ணனைச் சொன்னேன், வரியைத் திருத்தியதைச் சொன்னேன், சபைக்குப் போய்விட்டதையும் சொன்னேன். இத்தனை காலம் அவரை நீர், உம்மை என்று பேசியவன் அன்று நீங்கள் என்று பேசினேன். அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதியை முதலில் அவர் தரவேண்டும்.

கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தார். தண்ணீர் திரும்பி வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. எனக்குத்தான் கொண்டுவருகிறார் என்று நினைத்து, பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அவர் நீட்டிய கையைப் பார்த்தபடியே நின்று, தண்ணீரை நிதானமாகத் தானே குடித்தார். முழுவதையும் குடித்தார். நான் கையை மடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"உங்க அண்ணாச்சி இங்க வந்து உட்காருவாரு" என்றார். "ஒண்ணும் பேசமாட்டாரு. எழும்பும்போது மட்டும், ரோசலின் எப்படி இருக்கான்னு கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல? எனக்கே தெரியாதே."

தம்ளரைப் படியில் கவிழ்த்து வைத்தார்.

"என்கிட்டச் சொன்னது போதும். எனக்குத்தான் அது அன்னைக்கே தெரியுமே, நான் சொல்லலைன்னு. மூணாவது வீடு. நான் வந்தா அவ கதவைத் திறக்கமாட்டா. நீங்க போய்ச் சொல்லுங்க."

நடந்தேன். நீல நிறக் கதவு. உள்ளே யாரோ குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ராகுகாலம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

கதவைத் தட்டினேன்.